அத்தியாயம் 17: சுளுக்கு எடுத்த கை

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்தடிதான் செல்வராணிக்கு உயிர் போகும். இரண்டு குதிகாலிலும் ஆணி இறங்கினாற்போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டே சமையல்கட்டுவரை நடந்தால் கொஞ்சம் இளகும். பத்தொன்பது வருடம் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்ற கால்கள். முதல் ஏழு வருடம் செம்மண், அப்புறம் சிமென்ட். சிமென்ட் வந்த பிறகுதான் இந்த வலி வந்தது. சிமென்ட் தரை வேண்டும் என்று தாளாளரிடம் ஆறு முறை மனுக் கொடுத்தவளும் அவள்தான்.

“என்ன அத்தே, இன்னைக்குமா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு? மேடையில செவுரு இருக்காது, பாத்துக்கங்க.”

கலைமதி கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். வலது முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. காலை நீட்டி, துண்டைக் கீழே அமுக்கி, ஐந்து எண்ணி விடவேண்டும். பிசியோ சொன்ன கணக்கு தினம் நூறு.

“எத்தனை ஆச்சு?”

“அறுபத்திரண்டு.”

“நூறு.”

“தெரியும், தெரியும். பந்து இல்லாட்டியும் நீங்க கோச்சுதான்.”

கலைமதி, செல்வராணியின் அண்ணன் ஆண்டியப்பனின் மகள். ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்தவள். பதினாலு வயதில், பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருக்கோகர்ணத்துக்கு, இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். செல்வராணிக்குப் பிள்ளை இல்லை. கணவர் ராசு குவைத்தில். கலைமதி வந்த பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது.

“இந்த அரக்குச் சேலையையா கட்டப் போறீங்க? பழைய அக்காமாரெல்லாம் வாராங்க. ஒங்கள ட்ராக் பேன்ட்டுல பாத்தே பழகுனவங்க. ‘மிஸ் எங்க’ன்னு ஒங்ககிட்டயே கேக்கப் போறாங்க.”

“கேக்கட்டும். ஒங்கப்பாவும் வாராரு.”

கலைமதி துண்டை அமுக்கினாள்.

“நான்தான் கூப்பிட்டேன்,” என்றாள் செல்வராணி.

“அறுபத்தி மூணு,” என்றாள் கலைமதி. “அறுபத்தி நாலு.”

அப்பாவும் மகளும் பேசி ஆறு மாதம் ஆகிறது.

*

அன்று பதினொரு மணிக்கு வடிவம்மை மகளிர் கல்லூரியில் செல்வராணிக்குப் பாராட்டு விழா. போன வாரம் தாளாளர் கூப்பிட்டு ஓர் ஆர்டரைக் கையில் கொடுத்தார். உடற்கல்வி இயக்குநர், நிரந்தரம். பத்தொன்பது வருடமாக அவள் பகுதிநேரப் பயிற்றுநர். ஏப்ரல் கடைசியில் வேலை முடியும், ஜூனில் மறுபடி எழுதிக் கொடுத்து வாங்கவேண்டும். நடுவில் மே மாதம் அவள் யாருமில்லை.

அவள் சேர்ந்தபோது கல்லூரியில் மைதானம் என்று ஒன்று கிடையாது. திருவரங்குளம் போகும் ரோட்டை ஒட்டி ஒரு பொட்டல். முதல் வருடத்துப் பிள்ளைகள் பத்துப் பேரும் அவளும் சேர்ந்து செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திம்ஸுக்கட்டையால் மண்ணை அடித்து இறுக்கிக் கூடைப்பந்துக் களமாக்கினார்கள். வளையம் வெல்டிங் பட்டறையில் செய்தது. வலை, ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்வலைத் துண்டு. பந்து அதில் சிக்கிக்கொண்டு வராது. கம்பை விட்டுக் குத்தித்தான் எடுக்கவேண்டும்.

பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தைலமரம் வெட்டப் போகிற வீடு, முந்திரி வறுக்கிற வீடு, கல் உடைக்கிற வீடு. ‘அரை டவுசரைப் போட்டுக்கிட்டு ஆடவா படிக்க அனுப்புறோம்’ என்பார்கள். முட்டிக்குக் கீழே இறங்குகிற மாதிரி அவளே துணி வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அப்படி வந்த பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் இப்போது போலீசில் இருக்கிறார்கள். ஏழு பேர் பள்ளிக்கூடங்களில் பி.டி. டீச்சர். அவர்கள் எல்லோரும் நிரந்தரமானார்கள். அவள் ஆகவில்லை.

போன டிசம்பரில் தாளாளர் சொன்னார்: “பல்கலைக்கழகக் கோப்பைய ஒருதடவை இங்க கொண்டாங்க. போர்டுல பேசுறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும்.”

அந்தக் கோப்பையைக் கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் கலைமதி. ரயில்வே அணி ட்ரையலுக்கே அவளுக்கு அழைப்பு வந்திருந்தது.

ஃபைனல் சனிக்கிழமை. முந்தின திங்கள்கிழமை பயிற்சியில் கலைமதியின் முட்டி மடங்கியது. செவ்வாயன்று டவுனில் ஸ்கேன். டாக்டர் செல்வராணியை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: “லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்கு. ஆறு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. மீறுனா முழுசாப் போயிரும்.”

வெளியே பெஞ்சில் கலைமதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அத்தே?”

“சுளுக்குதான்டி,” என்றாள் செல்வராணி.

சொன்னதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை பரவாயில்லை. அவளை அண்ணனிடம் அனுப்பினாள். ஆண்டியப்பன் கல் குவாரியில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறவன். குவாரியில் யாருக்குச் சுளுக்கினாலும் அவனிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டான். விளக்கெண்ணெயைச் சூடுபண்ணித் தடவி, கட்டைவிரலால் நரம்பைத் தேடிப் பிடித்து இழுத்துவிடுவான். புதன்கிழமை மகளின் முட்டியை முக்கால் மணி நேரம் உருவினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். வெள்ளிக்கிழமை வலி குறைந்திருந்தது.

சனிக்கிழமை மூன்றாம் குவார்ட்டர் முடிய அவள் பத்தொன்பது பாயின்ட் எடுத்தாள். கடைசி டைம் அவுட்டில் கிட்டே வந்து, “அத்தே, முட்டி வழுக்குது,” என்றாள்.

மைதானத்தில் செல்வராணியை ‘மிஸ்’ என்று மட்டும்தான் கூப்பிடவேண்டும். ஆறு வருடத்தில் ஒருநாளும் அவள் தவறியதில்லை.

“இங்க யாருடி அத்தை? போ,” என்றாள் செல்வராணி.

வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்கு, ரீபவுண்டுக்கு, கலைமதி எம்பினாள். கீழே வந்தபோது கால் நிற்கவில்லை. மூன்று பாயின்ட்டில் ஜெயித்தார்கள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “யாரு இதை உருவுனது?” என்று கேட்டான். ஆண்டியப்பன், “நான்தாங்க,” என்றான். “இப்படி உருவித்தான்யா நல்ல காலையெல்லாம் கெடுக்குறீங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினான் அந்த டாக்டர். கலைமதி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அப்பாவைப் பார்த்து, “ஏம்ப்பா தொட்ட?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவில்லை.

செல்வராணி பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

*

விழாவில் தாளாளர் பேசினார். கோப்பை மேசைமேல் இருந்தது. “இது வந்துச்சு, ஆர்டர் வந்துச்சு,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கலைமதி முன்வரிசை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள்.

ஆண்டியப்பன் கடைசி வரிசையில் இருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உறவினர்கள் மரியாதை செய்யலாம் என்று மைக்கில் சொன்னதும் ஒரு பச்சைத் துண்டோடு மேடையேறினான். நகத்தடியில் கல்மாவு வெள்ளையாய் அப்பியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது போகாது. துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு, மைக்குக்குக் கேட்காமல் சொன்னான்:

“நம்ம அப்பன் இருந்து பாத்திருக்கணும்த்தா. பிள்ளை காலை நான் கெடுத்துப்புட்டேன். நீதான் ஆஸ்பத்திரியில நாப்பது நாளு அவகூடக் கெடந்த. நான் இந்தக் கடனை எப்படித்தா தீப்பேன்?”

“அண்ணே…”

“சரி சரி. அழுவாத. எல்லாரும் பாக்குறாக.”

அவன் இறங்கிப் போய்விட்டான். அடுத்த துண்டு வந்தது. அதற்கு அடுத்ததும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய மாணவிகளுக்கும் இப்போதைய அணிக்கும் ஒரு மேட்ச் என்று ஏற்பாடு. ஸ்கோர் ஷீட்டில் கலைமதி. பழைய மாணவிகளுக்கு ஷர்லிதான் கேப்டன். அறந்தாங்கி பக்கம் ஏட்டாக இருக்கிறாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது.

“ஏட்டம்மா, திருடன் ஓடுறான் பிடிங்க!” என்று கலைமதி மேசையிலிருந்து கத்தினாள்.

“இருடி, ஒன்னய வந்து வச்சுக்கிறேன்,” என்று மூச்சு வாங்கினாள் ஷர்லி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே முதல் வருடத்துப் பிள்ளை பிளெஸ்ஸி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டாள்.

செல்வராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐஸ் கொண்டுவரச் சொன்னாள். அதற்குள் ஷர்லி கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஆண்டியப்பன் மாமா இருக்காகள்ல! மாமா, வாங்க இங்கிட்டு! எனக்கு மூணு தடவை எடுத்துவிட்ட கை மிஸ் அது.”

இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். “ஆமா, மாமாவக் கூப்பிடுங்க. எங்க செட்டுக்கே அவருதான் டாக்டரு.”

ஆண்டியப்பன் எழுந்து நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கலைமதியும் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான்.

“இல்லத்தா. நான் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“என்ன மாமா, ரொம்பத்தான் கிராக்கி பண்ணுறீங்க!”

“வேணாம்த்தா. விட்டுருங்க.”

கலைமதி ஸ்கோர் ஷீட்டில் குனிந்துகொண்டாள். ஆண்டியப்பன் அப்படியே, கைகளைப் பின்னால் கட்டியபடியே, கேட்டைப் பார்த்து நடந்தான்.

பிளெஸ்ஸியின் கணுக்கால் வீங்கக்கூட இல்லை. ஐஸ் வைத்ததும் தானே எழுந்து உட்கார்ந்தாள். செல்வராணி பிள்ளையை ஷர்லியிடம் விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினாள்.

*

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இருந்தது, நிழல் இல்லை. ஆண்டியப்பன் வெயிலில் நின்றான். அவன் மட்டும்தான் நின்றான்.

“சாப்புட்டியாண்ணே?”

“சாப்புட்டேன். நல்ல சாப்பாடு. டவுன் பஸ்ஸு எப்ப வரும்?”

“குவாரியிலயும் இப்ப யாருக்கும் எடுக்குறதில்லையா?”

“ஆறு மாசமா எவனையும் தொடலை. மதுரைவீரன் போன மாசம் கழுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னான். ‘போடா’ன்னுட்டேன். தொட்ட கையே வெளங்காமப் போச்சு, இன்னும் எதுக்கு?”

ரோட்டில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போனது. அது போகிறவரை செல்வராணி காத்திருந்தாள்.

“அண்ணே. அது சுளுக்கு இல்லை.”

“எது?”

“கலை காலு. செவ்வாக்கிழமையே டாக்டரு சொல்லிட்டாரு. பாதி கிழிஞ்சிருக்கு, ஆறு வாரம் ஆடக்கூடாதுன்னு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு. நான்தான் அவகிட்டச் சுளுக்குன்னு சொன்னேன். ஒங்கிட்டயும் அதையேதான் சொல்லி அனுப்புனேன்.”

ஆண்டியப்பன் அவளைப் பார்த்தான். 

“கிழிசல்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சா என்கிட்ட அனுப்புன?”

அவள் நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிஞ்சதைத் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா ராணி? கல்லு விழுந்து பிஞ்ச காலோட வந்தவனையெல்லாம் ஒரு விரல்கூட வைக்காம நான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். எத்தனை பேரை! சுளுக்குன்னு சொல்லித்தானே நீ அனுப்புன. அதனாலதானே வெரலை விட்டு அழுத்துனேன். அவ கத்துனா. ‘கத்தாத, எறங்கிரும்’னு இன்னும் அழுத்துனேன்.”

 வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

“எதுக்கு? அந்த ஆர்டருக்கா?”

“ஆமா.”

“எம்புட்டுப் பெரிய வேலை அது?”

“பத்தொம்பது வருசம்ணே. ஒவ்வொரு மே மாசமும்…”

“எம்புட்டுப் பெரிய வேலைன்னு கேட்டேன்.”

 காலையில்கூட அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

“நாலு நாளு. நாலு நாளு மட்டும் காலு நிக்கும்னு நெனைச்சேன். ஃபைனல் முடிஞ்சதும் கட்டுப் போட்டுப் படுக்க வச்சிரலாம்னு… நானே பாத்துக்குவேன்னு…”

“ஆஸ்பத்திரியில அந்தப் பய என்னய நாயைப் பேசுற மாதிரி பேசுனான். நீ பக்கத்துல நின்ன.”

“நின்னேன்.”

“எம்பிள்ளை என்னயப் பாத்து ‘ஏம்ப்பா தொட்ட’ன்னு கேட்டா. அப்பயும் நின்ன.”

அவள் அவன் காலில் விழக் குனிந்தாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.

“வேணாம். இதெல்லாம் வேணாம். எந்திரி, ரோடு.”

“நான் இன்னைக்கே கலைகிட்டச் சொல்லிருறேண்ணே. ஒம்மேல தப்பில்லைன்னு சொல்லிருறேன்.”

தூரத்தில் டவுன் பஸ் தெரிந்தது. ஆண்டியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“சொல்லாத.”

“அண்ணே?”

“சொல்லாதன்றேன். அப்பன் கெடுத்தான்னா அவ பொறுத்துப்பா. அப்பன் கல்லு ஒடைக்கிறவன், படிக்காதவன், தெரியாமத் தொட்டுட்டான்னு போயிரும். அத்தை தெரிஞ்சே செஞ்சான்னா அவ எங்க போயிப் படுப்பா? எங்கிட்ட வருவாளா? வரமாட்டா. ஒன்ன விட்டா அவளுக்கு யாரு இருக்கா? ஆத்தாவும் நீ, வீடும் நீ. அதையும் புடுங்கிவிடச் சொல்றியா?”

“அதுக்காக நீ சுமக்கணுமா?”

“ஒனக்காக இல்ல. தப்பா நெனைச்சுக்கிறாத.” பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். “என் வாசலுக்கு இனிமே நீ வராத ராணி. அவ வந்தா அனுப்பி வை.”

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

*

மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய மாணவிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். “மிஸ், மிஸ்” என்று இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். நின்றாள்.

எல்லோரும் போன பிறகு கலைமதி நொண்டிக்கொண்டே வந்தாள்.

“அறுபத்தி நாலு – அம்பத்தெட்டு. கிழவிகள் ஜெயிச்சுட்டாக. அவமானம்.” சிரித்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா போயிருச்சா?”

“பஸ் ஏறிட்டாரு.”

“கையைக் கையை ஆட்டி என்னமோ பேசுச்சே. கேட்டு வழியா இங்கருந்தே தெரிஞ்சுது.”

செல்வராணி அவள் முகத்தைப் பார்த்தாள். இருபது வயது. நெற்றியில் வியர்வை. கையில் ஸ்கோர் ஷீட். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அண்ணன் சொல்லாதே என்றான். அவன் சொன்னதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாளா, அது தனக்கு வசதியாகப் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தெரியும்.

“குவாரி விசயம்,” என்றாள்.

கலைமதி ஸ்கோர் ஷீட்டைச் சுருட்டினாள்.

“கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் போச்சுல்ல அத்தே, அதைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஷர்லியக்கா கூப்பிடக் கூப்பிட, திருடன் மாதிரி போச்சு. எனக்காகத்தானே அதுவும் பண்ணுச்சு? தெரியாமத்தானே தொட்டுச்சு?”

“ம்.”

“ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிட்டு வரலாம்னு பாக்குறேன். ‘நீ கெடுத்தது போகட்டும்ப்பா, நான் மன்னிச்சுட்டேன்’னு நேர்லயே சொல்லிரலாம்னு. சரிதானே அத்தே? நீங்களும் வாங்க. நீங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

செல்வராணியின் கைப்பைக்குள் ஆர்டர் நான்காக மடிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

“போலாம்,” என்றாள்.

‘டாக்டர் அன்று சொன்னது சுளுக்கு இல்லை, கிழிசல்; அதைத் தெரிந்தேதான் உன்னை ஆடவிட்டேன்.’ இந்த உண்மையைச் செல்வராணி கலைமதியிடம் சொல்ல வேண்டும். மாலை ஐந்தேகாலுக்கு மைதானத்தை விட்டுக் கிளம்பும்வரை அவள் சொல்லவில்லை.